புயல் ஓவியத்தில் எந்த இருட்டு ஓவியருடையது?

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1869 கோடையில் பிரான்சின் நார்மண்டிக் கரையிலுள்ள எத்ரெத்தாவில் தங்கி அலைகளை வரைந்தார். மறு ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த 'புயல்கடல்' இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காலப் பிரெஞ்சுப் புயல் ஓவியங்களைப் பார்த்து 'என்ன ஓர் இருண்ட வானம்' என்று வியக்கிறோம். அந்த இருட்டில் ஒரு பங்கு காலம் பூசியது.

கூர்பே பெரும்பாலும் கரும்பழுப்பு அடிப்பூச்சின் மேல்தான் தொடங்குவார். அதன்மேல் வெளிச்சத்தை வண்ணம் பூசும் கத்தியால் இழைத்து ஏற்றுவார். எண்ணெய் வண்ணத்துக்கு வயது ஏற ஏற அது ஊடுருவித் தெரியத் தொடங்கும். வண்ணம் மெலிதாகப் பூசிய மேகங்களில் அடிப்பூச்சு மேலே எட்டிப் பார்க்கும். இதைத் துடைத்து நீக்க வழியில்லை. மேலே வெள்ளை பூசினால் ஓவியமே கெடும்.

வண்ணத்தின் மேல் காப்பாகப் பூசும் வார்னிஷின் கதை வேறு. டாமர், மாஸ்டிக் போன்ற பிசின் வார்னிஷ்கள் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகிவிடும். மேக இடுக்கில் தெரியும் நீலம் பச்சையாகும், அலை நுரை தேன் கலந்த பால் போலாகும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பழைய பிசின் பச்சை சாயலில் ஒளிரும். பிற்காலத்தில் தொட்டுத் திருத்திய இடங்கள் கறுப்பாக நிற்கும்.

வார்னிஷை எடுக்குமுன் ஓரத்தில் சில மில்லிமீட்டர் இடத்தில் கரைப்பானைச் சோதிக்க வேண்டும். பஞ்சுருண்டையை ஒரு முறை உருட்டி, உடனே அதைப் பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் தூசி, புகை; மஞ்சள் என்றால் வார்னிஷ்; பழுப்போ நீலமோ வந்தால் வண்ணமே கரைகிறது, கையை எடுத்துவிட வேண்டும். பிட்டுமென் என்ற தார் போன்ற பொருள் கலந்த கரும்பழுப்பு இதில் மிக ஆபத்தானது: அது முழுதாக உலர்வதே இல்லை. முதலைத் தோல் போன்ற அகன்ற பிளவு தெரிந்தால் அந்தச் சந்தேகம் வரவேண்டும்.

ஓவியத்தைத் துடைக்க உருளைக்கிழங்கு, ரொட்டித்துண்டு, சோப்பு நீர் எதுவும் வேண்டாம். ஈரம் வெடிப்பு வழியே இறங்கி அடிப்பூச்சை உப்பச் செய்யும், வண்ணம் செதிலாக உதிரும். உதிரத் தொடங்கிய ஓவியத்தைத் துணியால் தட்டாதீர்கள். முகம் மேலாகக் கிடத்தி, பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள்.

இன்னொரு சேதத்தை யாரும் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் பழைய கேன்வாஸுக்கு வலுச்சேர்க்கப் பின்னால் புதுத்துணி ஒட்டும்போது சூடான இஸ்திரியால் அழுத்துவார்கள். கத்தியால் எழுப்பிய நுரையின் மேடுகள் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேடு கூர்மையான நிழல் விட்டால் கூர்பேயின் கத்தி இன்னும் அங்கே இருக்கிறது.