அதோ பார் காக்கா

ஜூன் மாதத்தில் எந்த மழலையர் பள்ளியின் கேட்டருகே நின்றாலும் இந்த வசனம் காதில் விழும்: "நீங்க கிளம்புங்கம்மா. நீங்க நிக்கிற வரைக்கும்தான் அழுவான். போயிட்டா அஞ்சே நிமிஷத்துல சரியாயிடுவான்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றுவிடத்தான் செய்கிறது. அழுகை நின்றதும் குழந்தை சரியாகிவிட்டதா என்று கேட்டால்தான் பதில் சொல்வது கஷ்டம். அந்தப் பதிலைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் குழந்தைகளின் எச்சிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆமாம், எச்சில்தான். பயமோ பதற்றமோ வந்தால் மூளையின் அடிப்பக்கம் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தட்டி எழுப்பும். அவை கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலில் கொஞ்சம் எச்சிலிலும் கசிந்து வரும். எனவே ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை; ஒரு துண்டுப் பஞ்சைக் குழந்தை சப்பினாலே போதும், இருபது முப்பது நிமிடத்துக்கு முன் அதன் உடம்புக்குள் எவ்வளவு பதற்றம் இருந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கார்ட்டிசாலை வில்லனாக்கிவிடவும் வேண்டாம். அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. காலையில் கூடியிருந்து, பொழுது சாயச் சாயக் குறைவது அதன் வழக்கம். குழந்தைகள் காப்பகங்களில் எடுத்த பல ஆய்வுகளில், சின்னக் குழந்தைகளுக்கு இது தலைகீழாக இருந்தது: மதியத்துக்கு மேல் குறைய வேண்டியது, கூடியிருந்தது. அதே குழந்தைக்கு வீட்டிலிருக்கும் நாளில் வழக்கம்போலக் குறைந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு, வேலைக்குப் போகும் அம்மாக்களைக் குற்றம் சொல்லக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கதை அப்படிப் போகவில்லை.

1992இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் கன்னரும் அவருடைய குழுவும் ஒன்பது மாதக் குழந்தைகளை அரை மணி நேரம் அம்மாவிடமிருந்து பிரித்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் விட்டார்கள். அந்தப் பெண் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்படி ஏற்பாடு. சில குழந்தைகளிடம் அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; அழுதால் எடுத்துச் சமாதானப்படுத்துவார், அடங்கியதும் திரும்பத் தன் வேலைக்குப் போய்விடுவார். மற்றக் குழந்தைகளோடு, அழுதாலும் அழாவிட்டாலும், அரை மணி நேரமும் கூடவே விளையாடுவார். முதல் வகையில் கார்ட்டிசால் ஏறியது. இரண்டாம் வகையில் ஏறவில்லை.

இந்த ஆய்வை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது முதல் வகைப் பெண்தான். அவரிடம் என்ன குறை? அழுதால் எடுக்கிறார், அடிக்கவில்லை, அதட்டவில்லை. நம் ஊரில் 'நல்ல ஆயா' என்று பெயர் வாங்கிவிடுவார். ஆனால் குழந்தையின் உடம்பு வேறு கணக்குப் போடுகிறது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது குழந்தை தன் பயத்தைத் தானே சமாளிப்பதில்லை, பாதியை அவளிடம் இறக்கி வைத்துவிடுகிறது. அவள் இல்லாத இடத்தில் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வேறு யாராவது இருக்கிறார்களா என்று அது தேடுகிறது. இருந்தால், அவர் அரை மணிக்கு முன்புதான் அறிமுகமானவர் என்றாலும் வேலை நடக்கிறது. இல்லையென்றால் அட்ரினல் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆக, பிரிவு என்ற ஒன்றை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. பிரிந்த இடத்தில் குழந்தைக்கு யார் இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அழுகை நின்ற குழந்தைக்கு வருவோம். லண்டனில், தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஒரு சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து 1952இல் திரையிட்டுக் காட்டினார். அப்போது அங்கே பெற்றோர் குழந்தையோடு தங்க முடியாது. பார்க்க வருவதற்கும் கட்டுப்பாடு. அந்தச் சிறுமி அதிகம் அழக்கூட இல்லை. அம்மா வரும்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராபர்ட்சன் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் எதிர்ப்பு, அப்புறம் சோர்ந்துபோதல், கடைசியில் ஒட்டாமல் விலகிக்கொள்வது. 'குழந்தை பழகிவிட்டது' என்று நர்சுகள் நிம்மதியடைந்தது இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான். முதலில் டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959இல், ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நலன் பற்றி ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் குழு, குழந்தை நோயாளிகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து அம்மா படுத்துக்கிடப்பாள். அது ஆள் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடுதான் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம் என்று சொல்லலாம்.

பள்ளிக் கேட்டருகே நடப்பதற்கு நேரான ஆய்வு என்றால் 2004இல் பெர்லினிலிருந்து வந்ததுதான். ஆய்வாளர் லீசலோட்டே ஆனெர்ட்டும் கன்னர் உள்ளிட்ட சகாக்களும் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த பதினைந்து மாதக் குழந்தைகள் எழுபது பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அம்மா கூடவே இருந்த ஆரம்ப நாட்களில், அம்மாவோடு பத்திரமான பிணைப்பு உள்ள, அதாவது பயந்தால் அவளிடம் ஆறுதல் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ள, குழந்தைகளுக்குக் கார்ட்டிசால் மற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தது. அம்மா கிளம்பிப் போன நாட்களிலோ, முதல் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டில் இருந்த அளவைவிட 75 முதல் 100 சதவீதம் வரை ஏறியது. பத்திரமான பிணைப்பு உள்ளவர்களும் இதற்குத் தப்பவில்லை. சொல்லப்போனால் அவர்கள்தான் அதிகமாக அழுதார்கள்.

கேட்டருகே தலைகுனிந்து நிற்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க, அதான் இப்படி அழுவுது' என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். ஆய்வு கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் கை காட்டுகிறது. அழுதால் ஆள் வரும் என்று அனுபவத்தில் கண்ட பிள்ளைதான் தைரியமாகக் கூப்பாடு போடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஆரம்பத்தில் அம்மா எத்தனை நாள் அதிகமாகக் கூட இருந்து பழக்கினாளோ, அந்த அளவுக்கு அவளுக்கும் பிள்ளைக்குமான பிணைப்பு கெடாமல் இருந்தது. சில இடங்களில் முன்பைவிட மேம்பட்டது.

ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. 1980களில் பெர்லினில் உருவானது, இப்போது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வந்து ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பிரிப்பது பற்றிப் பேச்சே கிடையாது. வந்தவர் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 'போ, போய் விளையாடு' என்று தள்ளவும் கூடாது, தானே விளையாட்டுக் காட்டவும் கூடாது. பிள்ளை ஓடி வந்தால் மடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கிடையில் ஒரே ஒரு டீச்சர் மெல்ல நெருங்கிப் பழகுவார். நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் சில நிமிடம். நான்காம் நாள் திங்கட்கிழமையாக வந்துவிட்டால் இன்னும் ஒரு நாள் தள்ளிவைப்பார்கள், சனி ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு வந்த பிள்ளையை வந்ததும் சோதிக்கக் கூடாது என்று. அன்று அழுத பிள்ளை டீச்சரிடம் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்கினால் நேரத்தைக் கூட்டுவார்கள். அடங்காவிட்டால் இன்னும் சில நாள் பிரிக்காமல் இருப்பார்கள். பிள்ளை அழாமல் இருப்பது அவர்களுக்கு முக்கியமே இல்லை. அழுது, புதிய மனிதரின் தோளில் ஆறுதல் அடைந்தால்தான் சேர்க்கை முடிந்ததாகக் கணக்கு.

இத்தனை நாள் லீவு யார் கொடுப்பார் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அம்மாதான் வர வேண்டும் என்றில்லை. அப்பா, பாட்டி, பெரியம்மா, குழந்தைக்கு நன்றாக ஒட்டுதல் உள்ள யாரும் வரலாம்.

இப்போது காக்கா. டீச்சர் "அதோ பார் காக்கா" என்று கையை நீட்ட, பிள்ளை திரும்பிப் பார்க்க, அந்த நொடியில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவது நம் ஊரில் காலங்காலமாக நடப்பது. அழுகையைக் கண்ணால் பார்க்காமல் தப்பிக்க அது அம்மாவுக்கு உதவும். பிள்ளைக்கு உதவாது. ஏறக்குறைய எட்டு மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு விஷயம் பிடிபடத் தொடங்குகிறது: கண்ணுக்கு எட்டாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள். அதற்கு முன் போனவள் போனவள்தான். இப்போது போனவளைத் தேட முடியும். 'பாப்பா எங்கே... இதோ!' என்று முந்தானையால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு அந்த வயதில் அப்படி ருசிப்பது இதனால்தான். மறைந்தது திரும்ப வரும் என்பதை நூறு தடவை ஒத்திகை பார்க்கிறார்கள். நழுவிப்போவது அந்த ஒத்திகையைக் கலைத்துவிடுகிறது. கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போகும் என்று கற்ற பிள்ளை, மறுநாள் கண்ணையே எடுக்காது. சேலையைப் பிடித்த பிடியை விடாது. சொல்லிவிட்டுப் போனால் அந்த நேரத்தில் அழுகை பலமாகத்தான் இருக்கும். ஆனால் சொன்னபடி திரும்பி வருவதை ஒரு வாரத்தில் ஐந்து முறை பார்த்துவிடும்.

இந்தியாவில் சட்டப்படி மகப்பேறு விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 2017 முதல் 26 வாரம். விடுப்பு முடிந்து, ஆறு மாத வயதில் காப்பகத்துக்கு வந்த குழந்தை சிரித்துக்கொண்டே கை மாறும். ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று வாசலிலேயே வீறிடும். 'அங்கே என்னமோ பண்ணிட்டாங்க' என்று குடும்பமே பதறும். எதையும் விசாரிக்காமல் விடச் சொல்லவில்லை. ஆனால் பல சமயம் குழந்தையின் மூளை ஒரு படி வளர்ந்திருக்கிறது, அதன் சத்தம்தான் அது. சட்டப்படி, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும். அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். எழுதியவர்கள் கார்ட்டிசாலை நினைத்து எழுதினார்களோ இல்லையோ, நல்ல விதி.

பெற்றோரை எப்படி வரவேற்கிறோம் என்பது பிள்ளை விஷயத்தில் ஏன் முக்கியம் என்பதற்கு 1985இல் வெளியான ஒரு சோதனை அருமையான விளக்கம். கண்ணாடி பதித்த மேசை. ஒரு பாதியில் கண்ணாடிக்குக் கீழே தரை சற்றுப் பள்ளமாகத் தெரியும். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து பள்ளத்தின் விளிம்பில் தயங்கும், எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. கண்ணாடி அதே கண்ணாடிதான்.

பள்ளி வாசலும் அப்படி ஒரு விளிம்பு. வாட்ச்மேன் விரட்டி, ஃபீஸ் பாக்கியைக் கூட்டத்தில் ஒருவர் உரக்கக் கேட்டு, 'பேரன்ட்ஸ் உள்ளே வரக் கூடாது' என்ற போர்டின் முன் நிற்கும் தாயின் முகம் எப்படி இருக்கும்? பிள்ளை அந்த முகத்தைத்தான் வாசிக்கிறது. சுவரில் எத்தனை கார்ட்டூன் வரைந்தாலும் அதற்கு ஈடாகாது. வாசலருகே ஒரு பெஞ்ச் போட்டு, 'உட்காருங்கக்கா, காலையில என்ன சாப்பிட்டான்?' என்று கேட்பது அதைவிட மலிவு.

இந்த இடத்தில் நம் அங்கன்வாடிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம். அதில் குழந்தைகளோடு கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டது சத்துணவுக்காகவும் உடல்நலத்துக்காகவும்தான். ஆனால் அதன் பக்க விளைவைப் பாருங்கள். மசக்கையோடு சத்துமாவு வாங்க வந்தவள், பிள்ளை பிறந்து எடை பார்க்க வருகிறாள், தடுப்பூசி விசாரிக்க வருகிறாள், டீச்சரோடும் ஆயாவோடும் ஊர்க்கதை பேசுகிறாள். இடுப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த பிள்ளைக்கு அந்த அறையின் வாசமும் அவித்த முட்டையும் ஆயாவின் குரலும் இரண்டு வயதுக்குள் பழக்கமாகிவிடும். பெர்லின்காரர்கள் மூன்று நாளில் செய்வதை இங்கே இரண்டு வருடம் மெதுவாகச் செய்கிறோம், அப்படி ஒரு பெயர் வைக்காமலே. எல்லா மையமும் இப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு டீச்சரும் ஓர் உதவியாளரும் பதிவேடு, சமையல், சர்வே எல்லாம் பார்த்துக்கொண்டு இருபது பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொள்ள முடியாது. கன்னரின் ஆய்வில் வந்த அந்த முதல் வகைப் பெண்ணைப் போல, அழுதால் மட்டும் எடுக்கத்தான் நேரம் இருக்கும்.

என் தங்கை மகனுக்கு இரண்டே முக்கால் வயதில் ஒரு சின்னப் பள்ளியில் இடம் கிடைத்தது. எங்கள் அம்மா நான்கு நாள் அங்கே பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்காத குறையாகப் பொழுதைக் கழித்தார். அவன் தூளியில் கட்டிய பழைய சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துப் பையில் வைத்து அனுப்பினோம். துவைக்காமல் அனுப்புங்கள் என்று மிஸ்ஸே சொல்லியிருந்தார், வாசம் போய்விடுமாம். ஐந்தாம் நாள் தங்கை, "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை வரை அழுகை கேட்டது. இரண்டாம் வாரம் ஒரு நாள் அவன் வாசலில் நின்று மதில் பக்கம் கையை நீட்டி, "அம்மா, அதோ காக்கா" என்றான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவதற்குள் உள்ளே ஓடிவிட்டான்.