காய்ந்த பிறகுதான் பற்றுகிறது: மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே துணி உலர்த்துவது குறித்து

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் முன்னோர் சொல்லிவைத்த அந்த இரண்டு மாதங்களில், தீக்காயப் பிரிவுக்கு வருபவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, சமையலறையில் கொடி கட்டியிருக்கிறீர்களா என்ற ஒரு கேள்வியையும் சில ஆண்டுகளாகச் சேர்த்துக் கேட்டு வருகிறேன். தீபாவளிப் பட்டாசுக் காயங்கள் ஓய்ந்த பிறகு வருகிறவர்களில் பலருடைய கேஸ் ஷீட்டில் ‘சமைக்கும்போது நைட்டியில் தீப்பிடித்தது’ என்ற ஒரே வரிதான் இருக்கும். அடுப்பில் அப்போது என்ன வெந்துகொண்டிருந்தது என்று பொறுமையாகக் கேட்டால், சற்றுத் தயங்கிவிட்டு, ஒன்றுமில்லை, துணி காயட்டும் என்று சும்மா சிம்மில் எரியவிட்டிருந்தேன் என்பார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, நாளைக்குப் பள்ளிக்கூடம், இருப்பதோ இரண்டு செட் யூனிஃபார்ம், வெளியே மூன்று நாளாக வெயிலே இல்லை என்னும்போது வீட்டில் சூடாக இருக்கும் ஒரே பொருளைத் தேடிப் போவது இயல்பான காரியம்தான்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றி, அடையாளங்களைத் தவிர்த்துவிட்டுச் சொல்கிறேன். முப்பதுகளில் இருக்கும் அவர், கேஸ் அடுப்புக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில், சுவருக்குச் சுவர் ஆணி அடித்து நீலநிற நைலான் கயிற்றைக் கட்டி, மகனுடைய கால்சட்டை, சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ் ஆகியவற்றைக் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டு, இரண்டு பர்னர்களையும் சிம்மில் வைத்திருக்கிறார். முக்கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. இடையிடையே வந்து தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் இருக்கிறது என்று திரும்பிப் போயிருக்கிறார். கடைசியாக வந்தபோது சட்டையின் காலர்கூட மொறமொறவென்று காய்ந்திருந்தது. சந்தோஷத்தோடு கையை நீட்டிய அதே நேரத்தில் கயிறு இளகி அறுந்து, எல்லாத் துணியும் சேர்ந்து அடுப்பின்மேல் விழுந்தன. நெருப்பை அணைக்க வேண்டும் என்பதைவிட யூனிஃபார்மைக் காப்பாற்ற வேண்டும் என்பதே முதலில் தோன்றியதாக அவரே பின்னர் சொன்னார். வாரி எடுத்தபோது நைட்டியின் தளர்ந்த கை பற்றிக்கொண்டது. வலது முன்கை, மேல்கை, கழுத்தின் வலப்பக்கம், மார்பின் மேற்பகுதி என்று மொத்தம் 9 சதவீதக் காயம். நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கைப் பரப்பை அவரது உடலில் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது உள்ளங்கை அளவு என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த முக்கால் மணி நேரத்தில் எதுவும் நடக்காமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய கவனம் என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் அதுவரை காப்பாற்றியது துணியிலிருந்த ஈரம். அடியில் எவ்வளவு வெப்பம் இருந்தாலும், துணியில் தண்ணீர் மிஞ்சியிருக்கும்வரை அந்த வெப்பத்தில் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், ஈரமான பகுதியின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸைத் தாண்டுவதில்லை. கடைசிச் சொட்டும் போன பிறகு, அவ்வளவு நேரமாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த வெப்பம் முழுவதையும் நூல் வாங்கத் தொடங்குகிறது. பருத்தி 250 பாகைக்கு மேலே சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடும். பாலியெஸ்டர் ஏறத்தாழ அதே அளவில் உருகும். நைலான் சாக்ஸ் சுமார் 220 பாகையிலேயே இளகிவிடும். கடைகளில் நைலான் கயிறு என்ற பெயரில் விற்கப்படும் கொடிக்கயிறுகளில் பல, பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. அவை 160 பாகையை ஒட்டியே உருகுகின்றன. ஆகவே துணி தாக்குப்பிடித்தாலும் கொடி தாக்குப்பிடிக்காது.

எடையும் இதில் சேர்கிறது. ஈரத்துணி கனத்துத் தொங்கும், அசையாது. காயக்காய அது இலேசாகி, சுடரிலிருந்து மேலெழும் சூடான காற்றிலேயே ஆடத் தொடங்கும். எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடினால் ஒரு பக்கமாக இழுபடும். ஈரமாக இருக்கும்போது போதுமானதாகத் தெரிந்த இடைவெளி, காய்ந்த பிறகு போதாமல் போகிறது. நாம் துணியை எப்போது அதிகம் கவனிக்கிறோம் என்றால், அது சொட்டிக்கொண்டிருக்கும்போது. ‘இனிமேல் தானாகக் காய்ந்துவிடும்’ என்று டிவி பார்க்கப் போவது சரியாக ஆபத்து தொடங்கும் வேளையில்.

யூனிஃபார்ம் துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்தவரை மோசமான ஆழக்காயங்களை ஏற்படுத்துவது இந்தக் கலப்புத் துணிகள்தான். முழுப் பாலியெஸ்டர் நெருப்பில் பட்டால் சுருங்கி, உருகிச் சொட்டி, பல நேரங்களில் சுடரை விட்டு விலகிவிடும். சொட்டு விழுந்த இடத்தில் காயம் ஆழமாக இருக்கும் என்றாலும் பரவும் வேகம் குறைவு. முழுப் பருத்தி வேகமாகப் பரவி எரிந்து சாம்பலாகும். இரண்டும் கலந்த டெரிகாட்டன் போன்ற துணிகளிலோ, பருத்தி கரியாகி நின்று, உருகிய பாலியெஸ்டரைச் சொட்டவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. அகல் விளக்கில் திரி எண்ணெயைப் பிடித்துவைத்து எரிப்பதைப் போன்ற வேலை இது. அதன் விளைவை அறுவைச் சிகிச்சை அரங்கில் பார்க்கிறோம்: தோலோடு தோலாக ஒட்டிப்போன, பளபளப்பான, கறுத்த ஓர் ஓடு. மேலே சொன்ன பெண்ணின் முன்கையில் சட்டைத் துணியின் நெசவுக் கட்டங்கள்கூட அந்த ஓட்டில் தெரிந்தன. தொடையிலிருந்து தோலெடுத்து வைத்தோம். கழுத்துத் தோல் சுருங்கித் தலை ஒரு பக்கமாக இழுபடாமலிருக்கக் கழுத்துப் பட்டையும், தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான உறையும் மாதக்கணக்கில், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் அணிய வேண்டியிருந்தது. சென்னை வெயிலில் அந்த உறையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பது என்னவென்று அதை அணிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தீ பிடிக்காவிட்டாலும் இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்பிஜி என்பது ப்ரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை; அது எரியும்போது கார்பன் டை ஆக்சைடோடு தண்ணீரும் உண்டாகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வெளியாகும். மணிக்கு 150 கிராம் எரிவாயு செலவாகும் ஒரு பர்னர், ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைச் சமையலறைக் காற்றில் ஊற்றுகிறது என்று பொருள். துணியிலிருந்து போகும் ஈரமும் அதே அறையில்தான் இருக்கிறது. மழைக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிட்டால், அந்த ஈரம் குளிர்ந்த சுவரிலும், மசாலா டப்பாக்களிலும், மேலே இருக்கும் அலமாரியின் உட்புறத்திலும் படியும். சில வாரங்களில் மூலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை தோன்றுவது இதனால்தான். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுத் தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் விரிவாகவே பேசுகிறது. காற்றோட்டம் இல்லாமல் எரியும் சுடரில் நைட்ரஜன் டை ஆக்சைடும், பர்னர் அடைத்துச் சுடர் மஞ்சளாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பை மூட்டித் துணியையும் உடம்பையும் உலர்த்திக்கொண்டு தூங்குவது இதைவிடப் பலமடங்கு கொடியது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

நம் பாட்டிமார் விறகடுப்புக்கு மேலே பரண் கட்டி, ஈர விறகையும் புளியையும் விதைகளையும் உலர்த்தவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உலர்த்தினார்கள், அந்த அடுப்பங்கரைக்கு ஓட்டு இடுக்கும் புகைபோக்கியும் இருந்தன, பரணில் கிடந்தவை காற்றில் ஆடவில்லை, யாரும் அதன் கீழே பாலியெஸ்டரை அணிந்து நிற்கவுமில்லை. பத்துக்கு எட்டு அடியில், பக்கத்திலேயே 14.2 கிலோ சிலிண்டர் நிற்கும் சமையலறைக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர முடியாது.

சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சரியாகப் பிழியாத துணியிலிருந்து சொட்டும் தண்ணீர், சிம்மில் எரியும் சிறிய சுடரைச் சத்தமில்லாமல் அணைத்துவிடக்கூடும். சுடர் அணைந்தால் எரிவாயுவை நிறுத்தும் கருவி உங்கள் அடுப்பில் இல்லையென்றால், எரிவாயு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் அது மேலே போகாமல் தரையை ஒட்டிப் பரவும். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதை முழுவதும் வெளியேற்றாது. காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

சமையலறையில் கரித்துணி என்று ஒன்று இருக்கும். எண்ணெய்ச் சட்டியைப் பிடித்துப் பிடித்து நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஊறிய அந்தத் துணியைத் துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போவதில்லை. அதை அடுப்புக்கு அருகில் உலர்த்துவது மற்றத் துணிகளைவிட ஆபத்தானது. சூடாகவே மடித்துக் குவித்துவைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே வெப்பமேறிப் புகையத் தொடங்கவும் கூடும். இத்தகைய துணிகளுக்கு வயதாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவதே மேல்.

அப்படியானால் துணியை எப்படித்தான் காயவைப்பது என்ற கேள்விக்கு, மருத்துவனாக இல்லாமல் ஒரு குடும்பஸ்தனாகவே பதில் சொல்கிறேன். துணி காய்வதற்கு வெப்பத்தைவிட ஓடும் காற்றும், முன்கூட்டியே நீரை வெளியேற்றுவதும் முக்கியம். கையால் பிழிந்த கனமான பருத்தித் துணி ஏறத்தாழத் தன் எடைக்குச் சமமான தண்ணீரை வைத்திருக்கும். இயந்திரத்தில் சுழற்றினால் அது பாதியை ஒட்டி வந்துவிடும். இரண்டாம் முறை சுழற்றினால் இன்னும் குறையும். இயந்திரம் இல்லாத வீட்டில், காய்ந்த துண்டின்மேல் யூனிஃபார்மை விரித்து, பாய் சுருட்டுவதுபோலச் சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி மிதித்தால் துண்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். என் வீட்டில் இந்த மிதிக்கும் வேலைக்குப் போட்டியே நடக்கும். பிறகு கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஹேங்கரில் மாட்டி, எதிரெதிர் ஜன்னல்களை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. பிள்ளை பள்ளியிலிருந்து வந்தவுடன் துவைத்துவிட்டால் முழு இரவும் கிடைக்கும். இரவு பத்து மணிக்குத் துவைப்பதுதான் நம்மை அடுப்பிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. காலையில் மிச்சமிருக்கும் இலேசான ஈரத்தை இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொள்ளும், சாக்ஸைத் தவிர.

தப்பித்தவறித் தீப்பிடித்துவிட்டால், ஓடக் கூடாது; ஓடினால் சுடர் முகத்தை நோக்கி ஏறும். நின்று, படுத்து, உருள வேண்டும். அருகிலிருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடலாம். அணைந்த பிறகு குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. வளையல், மோதிரம், தாலிக்கொடி ஆகியவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை உரிக்காதீர்கள், அதைச் சுற்றி வெட்டிவிட்டு வாருங்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், ஐஸ்கட்டி என எதுவும் வேண்டாம். நீல மை பூசிய காயத்தின் ஆழத்தைக் கண்டறிய முதலில் அந்த மையைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது, அந்த வலியை நோயாளிதான் தாங்குகிறார். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு 108ஐ அழையுங்கள்.

அந்தப் பெண் ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது முழங்கை நன்றாக நீண்டு மடங்கியது. கொடியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். அடுப்புக்கு மேலே அடித்திருந்த ஆணிகள் என்ன ஆயின என்று கேட்டேன். “ஒன்றைப் பிடுங்கிவிட்டோம் டாக்டர். இன்னொன்று சுவரை விட்டு வரவே இல்லை. சும்மா இருக்கிறதே என்று தினசரிக் காலண்டரை மாட்டியிருக்கிறோம்” என்றார். பிரிஸ்கிரிப்ஷன் தாளின் அடியில், மாத்திரைகளுக்குக் கீழே, ‘காலண்டர்’ என்று எழுதிக் கோடு போட்டுக் கொடுத்தனுப்பினேன்.