இருட்டில் ஒளிர்ந்த இரண்டு மோதிரங்கள்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறுவர்களைக் கட்டிப்போட்ட விண்வெளித் தொடர் ‘ஸ்பேஸ் பேட்ரோல்’. காலை உணவுத் தானியங்கள் விற்ற ரால்ஸ்டன் நிறுவனம் அதன் விளம்பரதாரர். அந்தத் தொடரை ஒட்டி அது தந்த பொம்மைகளில் ஒன்று, இருட்டில் ஒளிரும் ‘ஹைட்ரஜன் ரே கன்’ மோதிரம். அதற்கு முன்பே, 1947இல், கிக்ஸ் சோளப்பொரி அட்டையின் மேல்மூடியோடு 15 சென்ட் அனுப்பியவர்களுக்கு, ‘லோன் ரேஞ்சர்’ என்ற வானொலித் தொடரின் பெயரில் அணுகுண்டு மோதிரம் தபாலில் வந்தது. இரண்டும் இருட்டில் வெளிச்சம் காட்டின. காட்டிய விதம்தான் வேறு.

அணுகுண்டு மோதிரத்தின் சிவப்பு வால் துண்டைக் கழற்றினால் ஒரு சிறு லென்ஸ் தெரியும். உள்ளே துத்தநாக சல்ஃபைடு திரை, அதனருகே மிகச் சிறிதளவு பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள். ஓர் அணு சிதையும்போது கிளம்பும் ஆல்ஃபா துகள் திரையில் மோத, அந்த இடத்தில் ஒரு பொறி தெறிக்கும். 1903இல் வில்லியம் குரூக்ஸ் உருவாக்கிய ஸ்பின்தாரிஸ்கோப் கருவியும் இதே முறைதான். அணு பிளப்பதைக் காணலாம் என்றது விளம்பரம். உண்மையில் அது பிளவு அல்ல, சிதைவு. ஆனாலும் ஒற்றை அணுவில் நடப்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே பார்த்தது.

பொலோனியம்-210இன் அரைவாழ்வு, அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 138 நாள். ஓராண்டில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நான்கு ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இன்று கைக்கு வரும் மோதிரத்தில் பொறி தெரியாததற்கு அதுவே காரணம், பழுது எதுவும் இல்லை. லென்ஸுக்குள் மங்கலாக, சீராக வெளிச்சம் தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள்: சற்றுமுன் பட்ட வெளிச்சத்தைத் திரை திருப்பித் தருகிறது. சோதிப்பதற்கு முன் ஓர் இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். பிறகு இருட்டறையில் 15 நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள்.

ரே கன் வகை மோதிரத்தில் கதிரியக்கம் தேவையில்லை. அக்காலத்து ஒளிரும் பிளாஸ்டிக்கில் வழக்கமாகக் கலந்தது, துளியளவு தாமிரம் சேர்த்த துத்தநாக சல்ஃபைடு. வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் மேலெழுந்து படிகக் குறைபாடுகளில் சிக்கிக்கொள்ளும். அறை வெப்பம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும்போது பச்சை ஒளி வரும். இருட்டில் மங்கிக்கொண்டிருக்கும் மோதிரத்தைக் கைக்குள் பொத்திச் சூடேற்றினால் கொஞ்ச நேரம் கூடுதலாக ஒளிர்ந்து, சீக்கிரமே அணையும். நீல ஒளி, புற ஊதா ஒளி இரண்டும் இதை ஏற்றும். சிவப்பு விளக்கு ஏற்றாது. சில நிமிட வெயில் போதும். கண்ணாடி அலமாரியில் வெயிலும் ஈரமும் சேர்ந்து படவிட்டால் சல்ஃபைடு சாம்பல் நிறமாகக் கருத்துவிடும், பிளாஸ்டிக்கும் மஞ்சளாகி நொறுங்கும். மூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே நல்லது.

அதே காலத்து ரேடியம் கடிகார முகப்புகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டு. பூச்சு கருத்து ஒளி நின்றிருந்தாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அதைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது.