டம்மி டக்கும் தழும்பும்

கொழும்பில் டம்மி டக் ஒப்பிரேஷன் முடித்து மச்சாள் திருகோணமலைக்கு வந்து சேர்ந்த மறுநாள், பார்க்க வந்த மாமி கேட்ட முதல் கேள்வி இது: "டம்மி டக் எண்டால் என்ன பிள்ளை, வயித்தை மடிச்சுத் தைக்கிறதோ?" எல்லோரும் சிரித்தோம். மச்சாள் மட்டும் சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு யோசித்துப் பார்த்தால் மாமி கேட்டதில் பாதி சரி.

நம் பேச்சில் 'டம்மி' என்றால் போலி. இந்தப் பெயரில் வருவது வேறு டம்மி, ஆங்கிலத்தில் குழந்தைகளிடம் வயிற்றைக் குறிக்கச் சொல்லும் செல்லச் சொல். நாம் 'வண்டி' என்று சொல்கிறோமே, அதைவிடக் கொஞ்சம் கொஞ்சலானது. 'டக்' தையல்காரர் சொல். சட்டைத் துணியை மடித்துத் தையல் போட்டு உடம்புக்கு இறுக்குவதுதான் டக் பிடிப்பது. மருத்துவர் துண்டில் எழுதும் பெயர் அப்டோமினோபிளாஸ்டி. அப்டோமன் லத்தீனில் வயிறு, பிளாஸ்டி என்பது உருவமைத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் வாளிக்கும் இந்தச் சொல்தான் மூலம், ஆனால் சிகிச்சையில் பிளாஸ்டிக் எதுவும் இல்லை. ஆகவே 'பிளாஸ்டிக் சர்ஜரி'யை 'நெகிழி அறுவை' என்று பெயர்ப்பது வெறும் வேடிக்கை.

டக் உண்மையில் நடப்பது உள்ளே. பிள்ளைப்பேற்றால் விலகிப்போன இரண்டு வயிற்றுத் தசைகளின் உறையை நடுவில் இழுத்து மடித்துத் தைக்கிறார்கள். வெளியே தோல் மடிக்கப்படுவதில்லை. மிஞ்சிய தோல் வெட்டி எடுக்கப்படுகிறது. அதனால் அடிவயிற்றில், உள்ளாடைக்குள் மறையும் உயரத்தில், ஒரு இடுப்பெலும்பிலிருந்து மற்றதுவரை வில் போல ஒரு கோடு. தொப்புளைச் சுற்றி இன்னொன்று, ஏனென்றால் கீழே இழுத்த தோலில் தொப்புளுக்குப் புதிதாக வாசல் வெட்டவேண்டும். சிசேரியன் கோடு முன்பே இருந்தால், பெரும்பாலும் அது வெட்டுப்படும் தோலோடு போய்விடும். இவ்வளவு கத்தி வேலையையும் 'டக்' என்ற சின்னச் சொல் மறைத்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்லோடுள்ள கோபம் அதுதான்.

இலங்கைத் தமிழில் உள்ள 'சத்திரசிகிச்சை' எதையும் மறைக்காது. இந்தச் சத்திரம் வழிப்போக்கர் தங்கும் சத்திரம் அல்ல. வடமொழிச் 'சஸ்திரம்', அதாவது ஆயுதம், கத்தி. 1847இல் வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் அதை 'இரணவைத்தியம்' என்றார். இரணம் என்றால் புண். என்னைக் கேட்டால் டம்மி டக்குக்கு 'வயிற்றுச் சீரமைப்புச் சத்திரசிகிச்சை' பொருந்தும். நீளம்தான், ஆனால் கத்தி அதில் தெரிகிறது.

சரி, 'ஸ்கார்' என்பதற்கு வருவோம். தமிழில் வடு, தழும்பு என்று இரண்டு உண்டு. தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்ற குறளுக்குப் பிறகு வடு மனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பழி என்பதற்கும் அதே சொல்தான். தழும்பு உடம்போடு நின்றது. பழகிப்போனவரைத் 'தழும்பேறியவர்' என்கிறோம். அடிபட்ட தோல் தடித்து உறுதியாவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வயிற்றுக் கோட்டுக்கு அதுவே சரி. ஆங்கிலச் சொல்லும் நெருப்பில் பிறந்ததுதான், கிரேக்கத்தில் 'எஸ்காரா' என்றால் அடுப்பு, பிறகு தீப்புண்ணின் பொருக்கு.

தழும்பு ஒரு நாளில் உருவாவதில்லை. தையல் ஆறி, முதல் சில மாதங்களில் கோடு சிவந்து தடித்து அரிக்கும். பழுதாகிவிட்டது என்று பயப்படுவது அப்போதுதான். உள்ளே தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத நார் அடுக்கி மாற்றி அடுக்கப்படுகிறது. மங்கித் தட்டையாக 12 முதல் 18 மாதம் பிடிக்கும். முழுதாக ஆறினாலும் பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ 80 வீதம்தான் திரும்பும்.

மாமி அடுத்துத் தடுத்தது நண்டுக்கறியை. "கிரந்தி, தழும்பு தடிச்சிடும்" என்றார். புண்ணைக் கிளறும் என்று ஒதுக்கும் சாப்பாட்டைத்தான் கிரந்தி என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை. வெட்டின எல்லையைத் தாண்டிப் படரும் தழும்புக்குப் பெயர் கீலாயிட், கிரேக்கத்தில் 'கேலே' என்றால் நண்டின் கொடுக்கு. நண்டு பெயரில்தான் இருக்கிறது, சட்டியில் இல்லை. அலர்ஜி இல்லாதவருக்கு மீனும் நண்டும் புண் ஆறத் தேவையான புரதம். எல்லைக்குள்ளேயே தடிப்பது வேறு வகை, காலப்போக்கில் தணியக்கூடும். கீலாயிட் தானாகத் தணிவது அரிது, கறுத்த தோலில் கூடுதலாக வரும், ஊசி மருந்து தேவைப்படலாம். காட்டவேண்டியது சத்திரசிகிச்சை நிபுணரிடம்.

பராமரிப்பில் பெரிய இரகசியம் இல்லை. புண் முழுதாக மூடிய பிறகு சிலிக்கோன் ஷீட்டை, அதாவது தழும்பில் ஒட்டும் மெல்லிய மென்தாளை, நாளுக்கு 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் ஒட்டவேண்டும். மருத்துவர் சம்மதித்ததும் விரலால் அழுத்தித் தேய்க்கலாம். தோல் இழுபட்டால் கோடு அகலும், எனவே முதல் ஆறு வாரம் தண்ணிக்குடம் தூக்கக்கூடாது. உள்பாவாடை நாடா கோட்டில் உரசாமல் கட்டவேண்டும். புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுக்கும், நிலாவெளிக் கடற்கரையிலும் அது மூடியே இருக்கட்டும். விட்டமின் ஈ எண்ணெயால் பலன் உறுதியில்லை, சிலருக்குத் தோல் அழன்றுபோகும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் திறந்த புண்ணுக்கு வேண்டாம். சிவப்புப் பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், கோடு பிரிந்தால் அன்றைக்கே வைத்தியசாலை.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. தொப்புளுக்குக் கீழே தோல் மாதக்கணக்கில் மரத்துப்போய் இருக்கும், சூடு பட்டால் உறைக்காது. வெந்நீர் ஒத்தடத்தால் தெரியாமலே தீப்புண் வரலாம். மச்சாளைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போகலாம் என்று மாமி ஆசைப்பட்டார். போனோம். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு. மச்சாள் தள்ளி நிழலில் இருந்தார், மாமி வாளியை வாங்கித் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார்.