50 சென்ட் மீன் குளத்துக்கு அரசு மானியம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் கைக்கு வருவது எவ்வளவு?

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கடல் கிடையாது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மாதிரியான கடலோர உதவிகள் இங்கே பொருந்தாது. சொந்த நிலத்தில் மீன் வளர்க்க நினைப்பவருக்குக் கை கொடுப்பது பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம்தான். 2020-21ல் தொடங்கிய இத்திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. எத்தனை குளத்துக்கு மானியம் என்ற இலக்கு ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வருகிறது. எனவே ஜேசிபிக்காரரிடம் பேசுவதற்கு முன்பே, மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், புதுக் குளத்துக்கு இப்போது இலக்கு இருக்கிறதா, உங்கள் பிரிவில் இடம் பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நன்னீர்க் குளம் வெட்ட ஒரு ஹெக்டேருக்கு 7 லட்சம் ரூபாய், குஞ்சு, தீவனம், உரம் போன்ற இடுபொருளுக்கு 4 லட்சம் என்று திட்டத்தில் அலகுத் தொகை, அதாவது அரசு கணக்கில் எடுக்கும் செலவு, வைத்திருக்கிறார்கள். பொதுப்பிரிவு ஆண்களுக்கு அதில் 40 சதவீதம் மானியம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். தனிநபருக்கு 2 ஹெக்டேர் வரைதான். 50 சென்ட் என்பது சுமார் 0.20 ஹெக்டேர். குளத்துக்கு 1,40,000, இடுபொருளுக்கு 80,000, ஆக 2,20,000 ரூபாய் அலகுத் தொகை. 40 சதவீதக்காரருக்கு 88,000, 60 சதவீதக்காரருக்கு 1,32,000 கிடைக்கும்.

பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். சதவீதம் அலகுத் தொகைக்கு உண்டே தவிர, உங்கள் பில்லுக்கு இல்லை. பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்றடி தோண்டினாலே பாறை தட்டும் நிலங்கள் உண்டு. பிரேக்கர் வைத்து உடைத்துச் செலவு மூன்று லட்சம் ஆனாலும் மானியம் ஒரு ரூபாய்கூட ஏறாது. அதோடு இது பின்னேற்பு மானியம்: முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் போட வேண்டும். வேலை முடிந்து அதிகாரிகள் வந்து பார்த்த பிறகே வங்கிக் கணக்கில் வரவு வைப்பார்கள். மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்கினால், அது வருவதற்குள் வட்டியே பாதியைத் தின்றுவிடும். நடப்புச் செலவுக்கு மீன் வளர்ப்போருக்கான கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான்.

வேலையைத் தொடங்கலாம் என்று துறை தரும் பணி ஆணை கைக்கு வரும் முன் மண்வெட்டி வைக்கக் கூடாது. வெறும் நிலமாக இருக்கும்போது ஒரு படம், வெட்டும்போது ஒன்று, தண்ணீர் நிறைந்த பின் ஒன்று என்று இடக்குறியீட்டுடன் (ஜியோ டேக்) எடுப்பார்கள். முதல் படம் இல்லையென்றால் அது பழைய குளம், புதுக் குள மானியம் கிடையாது. ஏற்கெனவே பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் இடுபொருள் மானியத்தை மட்டும் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா, அடங்கல், புலப்படம், சாதிச் சான்று ஆகியவை தயாராக இருக்கட்டும். தேசிய மீன்வள மின்னணுத் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். மனு தேங்குவது பெரும்பாலும் கூட்டுப் பட்டாவால்தான். அண்ணன் தம்பி பெயர்கள் சேர்ந்திருந்தால் முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது நல்லது. 60 சதவீதம் கிடைக்கும் என்று மனைவி பெயரில் மனு போடுவார்கள்; பட்டாவோ கணவர் பெயரில் இருக்கும். அப்போது பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும். நோட்டரி கையெழுத்து போதாது.

இனி மண். நம் செம்மண்ணிலும் சரளையிலும் தண்ணீர் நிற்குமா என்பதுதான் பெரிய கேள்வி. நாலடி ஆழத்தில் ஒரு சோதனைக் குழி எடுங்கள். மாலையில் நிரப்பி, உறிஞ்சியதும் மறுபடி நிரப்பி, காலையில் பாருங்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த இடம் வேண்டாம். ஈர மண்ணை உருட்டித் தூக்கிப் போட்டுப் பிடித்தால் உடையாமல் இருக்க வேண்டும். இடத்தை மாற்ற வழியில்லை என்றால் ஏரி வண்டலை அடியில் கொட்டி, நனைத்து, இறுக்கலாம். வண்டல் எடுக்கவும் அனுமதி வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். தார்ப்பாய் விரித்தாலும் தண்ணீர் நிற்கும், ஆனால் செலவு எகிறும்.

தண்ணீர் ஐந்து முதல் ஆறடி நிற்க வேண்டும். கரையின் உள்சரிவு ஒன்றுக்கு இரண்டு, அதாவது ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம். வெட்டிய மண்ணைக் கரைக்கே போட்டு இறுக்குங்கள். கனிமவளத் துறை அனுமதியில்லாமல் டிப்பரில் ஏற்றி விற்றால் வண்டி காவல் நிலையத்துக்குப் போய்விடும்.

50 சென்ட்டுக்கு முதலில் 50 கிலோ சுண்ணாம்பு, ஒரு வாரம் கழித்து 400 கிலோ பச்சைச் சாணம். தண்ணீர் பச்சை கட்டியதும் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) 2,000 விடலாம்: கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சு மலிவாகக் கிடைக்கும்; பாதி தவளைக்கும் பாம்புக்கும் போகும். குஞ்சுப் பையைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்ட பிறகே அவிழ்க்க வேண்டும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவில், மீனின் மொத்த எடையில் 2 சதவீதம் தீவனம்: 200 கிராம் மீன் 2,000 இருந்தால் நாளுக்கு 8 கிலோ. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் பிராணவாயுக் குறைவு. அன்று தீவனத்தை நிறுத்தி, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட இனம். யார் ஆசை காட்டினாலும் விடாதீர்கள், அதிகாரிகள் குளத்தையே அழித்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளங்குன்றா நீருயிரி வளர்ப்பு மையத்தில் கேட்கலாம்.

ஜேசிபி வாடகையை ரொக்கமாகக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். மானியம் வேண்டுமென்றால் அந்த வழக்கத்தை விட்டு, கணக்கு மூலம் அனுப்பி, தேதியும் மணி நேரமும் எழுதிய பில்லை மனுதாரர் பெயரிலேயே வாங்கிவிடுங்கள். பில் தேதி பணி ஆணைக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.