சங்கிலி கட்டிய நோயை உட்கருவில் தேடுதல்

"மனநோய் மூளையில்தான் இருக்கிறது என்றால், மூளையை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" ஏர்வாடி வாசகர் ஒருவரின் கேள்வி.

கண்ணுக்குத் தெரியாது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்த மூளை நுண்ணோக்கியில் பெரும்பாலும் மற்ற மூளையைப் போலவே இருக்கும். வேறுபாடு, எந்தச் செல்லில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில். அதற்கு, வேலை செய்யும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகல்களை எண்ண வேண்டும். திசுவை மொத்தமாக அரைத்தால் சராசரிதான் மிஞ்சும். செல் செல்லாக எண்ண வேண்டும்.

ஆனால் இறந்தபின் உறையவைத்துச் சேமித்த மூளையில் முழுச் செல் கிடைக்காது. ஃப்ரீசரில் உறைந்த மீன் உருகும்போது சதை தளர்ந்து நீர் விடுவதைப் பாம்பனில் யாரும் அறிவார்கள். பனித்துகள் செல் சவ்வைக் கிழித்துவிடுகிறது. உட்கரு தப்பிவிடும்; அதற்குள்ளும் ஆர்.என்.ஏ. நகல்கள் உண்டு. எனவே துளித் திசுவைச் சோப்புத்தன்மையுள்ள குளிர்ந்த கரைசலில், கண்ணாடிக் குழவியால் பனிக்கட்டி மேல் வைத்தே அரைத்து, 40 மைக்ரான் வலையில் வடிக்கிறார்கள். அரைப்பது குறைந்தால் கட்டி தட்டும். கூடினால் உட்கரு உடைந்து ஆர்.என்.ஏ. கசியும், நியூரானின் (நரம்புச் செல்லின்) நகல் மற்ற செல்களின் கணக்கில் ஏறிவிடும்.

இனிதான் அழகு. எண்ணெயில் மிதக்கும் ஒரு நீர்த்துளிக்குள் ஓர் உட்கரு, ஒரு ஜெல் மணி. மணியில் இருக்கும் டி.என்.ஏ. இழைகள் அத்தனையிலும் ஒரே 16 எழுத்து முகவரி. டி.என்.ஏ.வின் நான்கே எழுத்துகளில் (ஏ, சி, ஜி, டி) இப்படி 429 கோடி முகவரிகள் அமைக்கலாம். அடுத்த 12 எழுத்துகள் இழைக்கு இழை வேறு. நுனியில் டி எழுத்துகளின் வரிசை, ஆர்.என்.ஏ.வின் வாலில் உள்ள ஏ எழுத்துகளின் வரிசை அதில் ஒட்டிக்கொள்ளும். நொதி அதைப் படியெடுக்கும்போது முகவரியும் சேர்ந்துவிடுகிறது. பிறகு துளிகளை உடைத்து எல்லாவற்றையும் கலந்து, பெருக்கி, ஒன்றாகவே வாசிக்கலாம். முகவரி பார்த்துக் கணினி பிரித்துவிடும். அந்த 12 எழுத்து எதற்கு? பெருக்கும்போது ஒரு நகல் ஆயிரமாகும். முகவரியும் 12 எழுத்தும் மரபணுவும் ஒன்றாக இருந்தால், ஆயிரமும் ஒன்றென்றே எண்ணப்படும்.

ஒரு துளியில் இரண்டு உட்கரு புகுந்தால் இல்லாத செல்வகை ஒன்று முளைக்கும். அதனால் கரைசலை நீர்க்கவிட்டு, பெரும்பாலான துளிகளை உட்கரு இல்லாமல் காலியாகவே விடுகிறார்கள். அப்படியும் 10,000 உட்கருவில் சில நூறு இரட்டைகள் வரும். பின்னால் களைய வேண்டும்.

140 பேரின் மூளையில் 4,68,727 உட்கருக்களை இப்படி வாசித்து 2024-இல் வந்த ஆய்வில், மனச்சிதைவால் மிகுதியாக மாறியிருந்தவை தூண்டு நியூரான்கள், அதாவது அடுத்த நியூரானைத் தூண்டிவிடுபவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரைப் பேய் பிடித்தவர்கள் என்று இன்னமும் சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில், இறந்தவர்களின் மூளையைச் சேமிக்கும் மூளை வங்கி 1995 முதல் இருக்கிறது. அப்படி ஒன்று மதுரையிலும் வேண்டும்; ஆய்வுப் பணம் முதலில் அதற்குத்தான் போக வேண்டும். இறந்தபின் மூளை எவ்வளவு சீக்கிரம் உறையறைக்குப் போகிறதோ, அவ்வளவுக்கு ஆர்.என்.ஏ. நல்லபடியாகக் கிடைக்கும்; ஏர்வாடியிலிருந்து பெங்களூரு அவ்வளவு பக்கமில்லை.