லக் நட்: இழுவைக் கொட்டை அல்ல, சக்கர மரை

லாரிக்கு அலுமினியச் சக்கரம் மாட்டுவது பற்றிய கையேடு ஒன்றில் மறுபடியும் அதே வரி: ‘சரியான இழுவைக் கொட்டைகளைத் தேர்ந்தெடுக்கவும்.’ சக்கரத்தை வண்டியோடு இறுக்கும் ‘லக் நட்’டைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். எதை இழுக்க? எங்கே இருக்கிறது கொட்டை?

‘லக்’ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் காது. காதுபோல் துருத்திக்கொண்டிருக்கும் உறுப்புக்கும் அதே பெயர். அகராதியில் அருகே ‘இழு’ என்றும் பொருள் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார். ‘லக் நட்’ என்பதே அமெரிக்க வழக்கு. பிரிட்டனிலும் நம் பட்டறைகளிலும் ‘வீல் நட்’தான். பிரிட்டன்காரருக்கே தேவைப்படாத ‘லக்’ நமக்கு எதற்கு?

‘கொட்டை’தான் எனக்குப் பெரிய ஆற்றாமை. புளியங்கொட்டையும் பலாக்கொட்டையும் உள்ளே நிரம்பியவை. இதுவோ நடுவில் துளையும் துளைக்குள் புரியும் (திருகிச் செல்லும் வரி) கொண்ட இரும்பு. ஆங்கிலேயர் கண்ட உருவ ஒப்புமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நம்மிடம் ‘மரை’ இருக்கிறது. அது மானின் பெயராயிற்றே என்பார்கள். ‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று கேட்கிற எவரும் மானை நினைப்பதில்லை. மரை என்பது புரியைத்தானே குறிக்கும் என்று இன்னொரு வாதம். ‘மரை தேய்ந்துவிட்டது’ என்னும்போது அப்படித்தான். ஆனால் கழன்று விழுவது புரியா, நட்டா? ஆகவே புரியைப் ‘புரி’ என்போம், நட்டை ‘மரை’ என்போம். லக் நட் சக்கர மரை.

அடுத்த கேடு ‘கூம்பு இருக்கை’; ஆங்கில ‘சீட்’டின் நேர்பெயர்ப்பு. மரைக்கு ஏது இருக்கை? சக்கரத்தைத் தொடும் பரப்பை ‘முகம்’ என்றால் கூம்புமுகம், உருண்டைமுகம், தட்டைமுகம் என்று பட்டறைப் பையனுக்கும் புரியும். புரிய வேண்டியது உயிர்ப் பிரச்சினை. அச்சின் நடுமேடையில் (ஹப்) பொருந்தி நிற்கும் பத்துத் துளைச் சக்கரத்துக்குத் தட்டைமுக மரை வேண்டும். இறுக்கும்போது அதன் அடித்தட்டு மரையோடு சேர்ந்து சுழலாமல் நிற்பதால் அலுமினியம் சுரண்டப்படாது. அங்கே பழைய உருண்டைமுக மரையைப் போட்டால் துளையின் விளிம்பை மட்டுமே கவ்வும். இறுக்கம் தளரும், சக்கரம் கழலும்.

அலுமினியச் சக்கரத்தின் தட்டு, எஃகுச் சக்கரத்தின் தட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு தடிமன். மரை ஏறும் பழைய ஆணியில் (ஸ்டட்) அதற்குப் போதிய புரி வெளியே நிற்காது. நீள ஆணி போட வேண்டும், அல்லது துளைக்குள் நுழையும் கழுத்துள்ள மரை வேண்டும். இந்தக் கழுத்து மரையை ‘ஸ்லீவ்’ என்ற சொல்லைப் பார்த்து ‘சட்டைக்கை மரை’ ஆக்கியிருக்கிறார்கள்! தோட்டில் திருகாணி ஏறும் குழலைப் பொற்கொல்லர் ‘சுரை’ என்கிறாரே, ‘சுரை மரை’ போதாதா? கையேடு எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது நகைப்பட்டறைக்கும் லாரிப்பட்டறைக்கும் போய்க் காது கொடுக்க வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட வேண்டியது இவ்வளவுதான்: ‘தட்டைமுகச் சக்கர மரை, 22 மி.மீ., புரி இடைவெளி 1.5 மி.மீ., அலுமினியச் சக்கரத்துக்கு.’